எழுந்து போவதற்குள்

சென்னையில் சுகர் இருப்பவர்களுக்குத் தங்கள் சர்க்கரை அளவு மனப்பாடம். காலையில் மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ தி.நகர் நடேசன் பூங்காவிலோ நடை முடித்து உட்கார்ந்திருப்பவர்களின் பேச்சுக்குக் காது கொடுத்தால் தெரியும். பாஸ்டிங் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு, மூன்று மாதச் சராசரி ஏழுக்குக் கீழே இறங்கியதா என்று கணக்குகள் வந்து விழும். அதே ஆட்களிடம் விழித்திரையைக் கடைசியாக எப்போது படம் எடுத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டால் பேச்சு கொஞ்சம் நிற்கும். “கண்ணு நல்லாத்தானே சார் தெரியுது, பேப்பர் படிக்கிறேனே” என்பார்கள்.

நன்றாகத் தெரிவதுதான் இங்கே ஆபத்து. நீரிழிவு, விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைப் பல ஆண்டுகள் ஓசையின்றி அரிக்கிறது. முதலில் குழாய்ச் சுவரில் குண்டூசி முனை அளவுகூட இல்லாத புடைப்புகள் தோன்றும். பிறகு சிறு ரத்தக் கசிவுகள், கொழுப்புப் படிவுகள். ரத்தம் போதாத இடங்களில் புதுக் குழாய்கள் முளைக்கத் தொடங்கினால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். அவை மெலிந்தவை, எளிதில் உடைந்து கண்ணுக்குள் ரத்தத்தைக் கொட்டும். நடுப்பார்வைக்குப் பொறுப்பான மாகுலா வீங்காத வரையில், குழாய் உடையாத வரையில், நோயாளிக்கு ஒரு குறையும் தெரியாமல் போகலாம். லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் இருக்கும் பார்வையைக் காப்பதில் வலியவை. போய்விட்ட பார்வையை முழுமையாகத் திருப்பித் தர அவற்றால் எப்போதும் முடிவதில்லை. எனவே, குறை தெரியாத காலத்திலேயே ஆண்டுக்கொரு முறை விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும் என்பது பொது விதி. எளிய விதிதான். நடப்பதில்லை.

அறிவுள்ள கணினி என்றதும் சதுரங்கம், கவிதை, பரீட்சை என்று பேச்சு போகிறது. அன்றாட வேலைக்கு அது எப்படி உதவும், எந்த இடத்தில் உண்மையில் உதவுகிறது என்று பார்க்க, சென்னை நடுவில் கோபாலபுரம், நுங்கம்பாக்கம் மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்ட இந்த விழித்திரைப் படம் வாசிக்கும் வேலையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே மாதிரியான வேலை. முடிவே இல்லாத வேலை. கவனம் ஒரு நொடி பிசகினால் ஒருவருக்குக் கண் போகும் வேலை.

கண் மருத்துவம் சென்னைக்குப் புதிதல்ல. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனை தொடங்கிய பதினைந்து ஆண்டுகளுக்குள், 1819இல், இங்கே மெட்ராஸ் கண் மருத்துவமனை வந்துவிட்டது. இன்று எழும்பூரில் இருப்பது அதன் தொடர்ச்சி. நீரிழிவையும் கண்ணையும் சேர்த்து எண்ணிப் பார்க்கும் வேலை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கோபாலபுரத்தில் நடந்தது. டாக்டர் வி. மோகனும், கண் மருத்துவரான அவர் மனைவி டாக்டர் எம். ரெமாவும் 1991இல் தொடங்கிய நீரிழிவு மையத்தின் ஆராய்ச்சிப் பிரிவு, சென்னை நகரத்தில் 26,001 பேரைக் கணக்கெடுத்தது. அவர்களில் நீரிழிவு உள்ளவர்களுக்கு விழித்திரைப் படம் எடுத்தார்கள். 1,715 பேர் உட்கார்ந்து கொடுத்தார்கள். 2005இல் வெளியான முடிவின்படி நூற்றுக்கு 17.6 பேருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. என்னை உலுக்கியது இன்னொரு எண். அந்தக் கணக்கெடுப்பில்தான் முதல்முறையாகத் தங்களுக்குச் சர்க்கரை இருப்பதையே அறிந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு ஏற்கெனவே கண்ணில் சேதம் இருந்தது. நோயின் பெயர் தெரியுமுன் நோய் கண்ணுக்கு வந்துவிட்டது.

அந்த 1,715 பேருக்கும் கண் ஒன்றுக்கு நான்கு கோணங்களில் படம் எடுத்தார்கள். குறைத்துக் கணக்குப் போட்டாலும் ஏறத்தாழ பதினான்காயிரம் படங்கள். ஒவ்வொன்றையும் பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்து பார்த்து, புடைப்பு உண்டா, கசிவு உண்டா, எந்தப் படிநிலை என்று குறிக்க வேண்டும். ஆராய்ச்சிக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். ஆண்டுதோறும் ஒரு நாடு முழுவதற்கும்?

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். ஆளுக்கு இரண்டு கண், கண்ணுக்கு ஒரே ஒரு படம் என்று வைத்தாலும் நாட்டுக்கு ஆண்டொன்றுக்கு இருபது கோடிப் படங்களுக்கு மேல். ஞாயிறு, பொங்கல், தீபாவளி எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு ஐந்தரை லட்சம்.

இந்த எண்ணைச் சொன்னவுடன், “பார்த்தீர்களா, மனிதரால் முடியாது, எனவே இயந்திரம்” என்று முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அந்தத் தாவலில் சந்தேகம். படம் ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று வைத்து, ஓர் ஆள் நாளைக்கு ஏழு மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் வேலை செய்வதாகக் கணக்கிடுங்கள். சுமார் இரண்டாயிரம் பேர் போதும். டாக்டர்கள்கூட வேண்டியதில்லை, பயிற்சி பெற்ற கிரேடர்கள் போதும், ஐயமானவற்றை மட்டும் மருத்துவர் பார்ப்பார். நம் நாட்டில் இரண்டாயிரம் பேருக்கு வேலை கொடுத்துப் பழக்குவது முடியாத காரியமா? இங்கிலாந்து இதைச் செய்தே காட்டியது. 2003 முதல் அங்கே நீரிழிவு உள்ளவர்களை முறையாக அழைத்துப் படம் எடுத்து மனிதர்களே வாசித்தார்கள். 2009–10இல் எடுத்த கணக்கில், உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதல் காரணம் என்ற இடத்தை ஐம்பது ஆண்டுகளில் முதல்முறையாக நீரிழிவு விழித்திரை நோய் இழந்திருந்தது. செயற்கை நுண்ணறிவு இல்லாமலே.

அப்படியானால் இங்கே இயந்திரம் எதற்கு? கூட்டத்தைச் சமாளிக்க என்பது பாதி விடைதான். மீதி விடை, சர்க்கரை மருத்துவரிடம் வந்து கேமரா முன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு நோயாளியிடம் இருக்கிறது.

அவர் கண் பரிசோதனைக்கு வரவில்லை. மாத்திரைச் சீட்டு புதுப்பிக்க வந்தார். கேமரா இருக்கிறது, இரண்டு நிமிட வேலை என்றதும் உட்கார்ந்தார். இந்தப் படம் வாசிக்கப்பட்டு ரிப்போர்ட் வரச் சில நாட்கள் ஆகும் என்று சொன்னால் அவர் தலையாட்டிவிட்டுப் போவார். அப்புறம் வர மாட்டார். கூலிக்குப் போகிறவர் வருமானத்தை விட்டு வர வேண்டும். வயதானவரை மகனோ மருமகளோ அரை நாள் லீவு போட்டு அழைத்து வர வேண்டும். கண் நன்றாகத் தெரியும்போது எதற்கு இந்தப் பாடு? இங்கிலாந்தில் கடிதம் போட்டு அழைத்து, வராதவரை மீண்டும் அழைக்கும் ஏற்பாடு நாடு முழுவதும் உண்டு. நம்மிடம் அந்த அஞ்சல் வலை இல்லை. எனவே முடிவு அவர் எழுந்து போவதற்குள் வந்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் இதைக் கணினிக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் 1978இல் தொடங்கிய சங்கர நேத்ராலயா, 2003இல் இஸ்ரோவின் துணையோடு தொலைக் கண் மருத்துவ வேனை ஊர் ஊராக அனுப்பியது. மோகன் மையம் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூணாம்பேடு பகுதியில் செயற்கைக்கோள் இணைப்புள்ள வேனை வைத்து, 42 கிராமங்களில் 27,014 பேரைப் பரிசோதித்தது. அங்கிருந்த வயது வந்தோரில் இது 86.5 சதவீதம். வேன் நோயாளியின் வீட்டுப் பக்கம் போனது, படம் வானம் வழியாகச் சென்னைக்கு வந்தது. மறுமுனையில் மட்டும் ஒரு மனிதர் அந்த நேரத்தில் திரைக்கு முன் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கு வேறு நோயாளிகளும் உண்டு, சாப்பாட்டு நேரமும் உண்டு. வரிசை அங்கேதான் நின்றது.

இடையில் ஒரு சிறு விலகல். அன்றாட வேலையைக் கணினியிடம் கொடுத்தால் உண்மையில் என்ன மிச்சமாகிறது என்பதை நம் தி.நகர் வங்கிக் கிளைகள் ஒரு தலைமுறையாகக் காட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு காலத்தில் உஸ்மான் சாலைக் கிளையில் போட்ட காசோலை, மூட்டையில் ஏறித் தீர்வகத்துக்குப் போய்ப் பிரிக்கப்பட்டு, எழுதியவரின் வங்கிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பணம். 2011 செப்டம்பரில் சென்னைக்கு வந்த புது முறையில் காகிதம் கிளையிலேயே நின்றுவிடுகிறது. படமும் அடியில் உள்ள காந்த மை எண்களும் மட்டும் பயணம் போகின்றன. 2025 அக்டோபர் 4 முதல் அதுவும் நாளுக்கொரு கட்டாகப் போகாமல், வந்தது வந்தபடி போய்ச் சில மணி நேரத்தில் தீர வழி செய்திருக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு இதில் கிடைத்தது அறிவு அல்ல, நேரம். இன்னொரு சொந்தமும் உண்டு. 1990களில் அமெரிக்க வங்கிகளில் காசோலையின் கையெழுத்துத் தொகையை வாசிக்கக் கணினி ஆய்வாளர் யான் லெகுனும் நண்பர்களும் ஒரு நரம்பு வலைப்பின்னல் நிரலைச் செய்தார்கள். நாளொன்றுக்குப் பல லட்சம் காசோலைகளை அது வாசித்தது. இன்று விழித்திரைப் படத்தில் ரத்தப் புள்ளியைத் தேடும் நிரல்கள் அதே குடும்பத்தின் பேரப்பிள்ளைகள். காசோலையில் ஏழா ஒன்றா என்று பிரித்தறிந்த வித்தைதான் கண்ணில் புடைப்பா தூசியா என்று பிரித்தறிகிறது.

2016 டிசம்பரில் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையோடு இந்தத் துறை சூடு பிடித்தது. 1,28,175 விழித்திரைப் படங்கள். அவற்றை அமெரிக்காவில் 54 கண் மருத்துவர்கள், படம் ஒன்றுக்கு மூன்று முதல் ஏழு பேர் வரை பார்த்துக் குறித்தார்கள். அந்தக் குறிப்புகளிலிருந்து நிரல் தானே கற்றது. புடைப்பு என்றால் என்ன, கசிவு என்றால் என்ன என்று யாரும் அதற்கு இலக்கணம் சொல்லவில்லை. ஒரே படத்துக்கு ஏன் ஏழு மருத்துவர் என்று கேட்கலாம். ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஒப்புக்கொள்வதில்லை என்பதுதான் காரணம். தேர்ந்த கண்களே ஒரே படத்தில் வேறுவேறு படிநிலையைக் காண்கின்றன. அந்தப் படக் குவியலில் அமெரிக்கப் படங்களோடு அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய இந்திய மருத்துவமனைகளின் படங்களும் இருந்தன. இதற்குப் பின்னால் வருகிறேன்.

கோபாலபுரத்துச் சோதனை வேறு வகை. மோகன் மையத்தின் கண் மருத்துவர் ராமச்சந்திரன் ராஜலட்சுமியும் சகாக்களும் 2018இல் வெளியிட்டது அது. பெங்களூரு நிறுவனமான ரெமிடியோ செய்த, ஸ்மார்ட்ஃபோனைப் பொருத்தி எடுக்கும் கேமரா. அமெரிக்க நிறுவனத்தின் ‘ஐஆர்ட்’ என்ற நிரல். அந்த நிரல் ஸ்மார்ட்ஃபோன் படங்களைப் பார்த்துப் பழகியதே இல்லை. 296 பேரின் படங்களை மருத்துவர்களும் நிரலும் தனித்தனியே வாசித்தார்கள். பார்வைக்கு ஆபத்தான கட்டத்தில் மருத்துவர்கள் 112 பேரைக் கண்டார்கள். அவர்களில் ஏறக்குறைய எல்லோரையும், 99.1 சதவீதத்தினரை, நிரலும் பிடித்தது. ஆனால் அந்தக் கட்டத்தில் இல்லாதவர்களில் சுமார் ஐந்தில் ஒருவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டது.

ஐந்தில் ஒருவரை வீணாகப் பயமுறுத்துவது நல்ல இயந்திரமா? பேருந்தில் ஏறியவர்களில் ஐந்தில் ஒருவரை டிக்கெட் இல்லை என்று இறக்கிவிடும் கண்டக்டரை யாரும் பொறுக்க மாட்டார்கள். ஆனால் கண் பரிசோதனையில் இந்தக் கணக்கு வேறு விதமாக விழுகிறது. 2022இல் வெளியான நாடு தழுவிய ஆய்வொன்று, இந்தியாவில் நாற்பதும் அதற்கு மேலும் வயதுள்ள நீரிழிவாளர்களில் 12.5 சதவீதத்தினருக்கு விழித்திரை நோயும், 4 சதவீதத்தினருக்குப் பார்வையைப் பறிக்கும் கட்டமும் இருப்பதாகச் சொன்னது. அடையாறில் ஒரு முகாமில் ஆயிரம் பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேருக்கு உண்மையிலேயே அவசரம். கோபாலபுரத்தில் கண்ட அதே திறனோடு நிரல் வேலை செய்தால் அந்த நாற்பது பேரும் கிட்டத்தட்ட முழுமையாகச் சிக்குவார்கள். மீதி 960 பேரில் சுமார் 190 பேரும் அவர்களோடு அனுப்பப்படுவார்கள். கண் மருத்துவர் ஆயிரம் பேரைப் பார்ப்பதற்குப் பதில் 230 பேரைப் பார்ப்பார். வீணாக வந்ததாகத் தோன்றும் 190 பேரிலும் தொடக்க நிலை நோய் உள்ளவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களை ஒரு மருத்துவர் பார்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. மீதி எழுநூற்றுச் சொச்சம் பேர் அடுத்த ஆண்டு வந்தால் போதும் என்று கேட்டுவிட்டு அப்போதே வீட்டுக்குப் போவார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. கோபாலபுரத்தில் படம் எடுத்துக்கொண்டவர்களில் 64.5 சதவீதத்தினருக்கு விழித்திரை நோய் இருந்தது. சிறப்பு மருத்துவமனை என்பதால் முற்றியவர்கள் அங்கே அதிகம். அடையாறு முகாம்வாசிகள் அப்படி இருக்க மாட்டார்கள். இடம் மாறினால் இந்த எண்களும் மாறும். எந்த எச்சரிக்கை அளவில் நிரலை மணியடிக்க வைப்பது என்பதும் கணினி முடிவு செய்வதல்ல. அதிகம் பேரை அனுப்பி ஒருவரையும் தவறவிடாமல் இருப்பதா, குறைவாக அனுப்பி மருத்துவரின் நேரத்தைக் காப்பதா? அந்தத் திருகைத் திருப்புவது ஒரு மனிதர். பல இடங்களில் அந்த மனிதர் யார் என்று நோயாளிக்குச் சொல்லப்படுவதில்லை. இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2019இல் வெளியான ஆய்வு, மனித வாசிப்பையும் நிரலையும் ஒரே தராசில் வைத்தது. மூன்று விழித்திரை நிபுணர்கள் விவாதித்துச் சொன்ன முடிவுதான் படிக்கல். மேல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியவர்களில் மனித வாசகர்கள் பிடித்தது 73.4 முதல் 89.8 சதவீதம் வரை. நிரல் பிடித்தது அரவிந்தில் 88.9, சங்கர நேத்ராலயாவில் 92.1 சதவீதம். இதைப் படித்துவிட்டு “மனிதனை வென்ற இயந்திரம்” என்று தலைப்புப் போடுவது எளிது. நான் அந்த எண்களில் பார்ப்பது வேறு: மனித வாசகர்களுக்குள்ளேயே இருக்கும் அகலமான இடைவெளி. ஒருவர் நூற்றில் பத்துப் பேரை விடுகிறார், இன்னொருவர் இருபத்தேழு பேரை விடுகிறார். திறமைசாலிகள்தான், பயிற்சி பெற்றவர்கள்தான். சலிப்பும், மாலை நேரக் களைப்பும், ஒருவருக்கொருவர் மாறும் அளவுகோலும் சேர்ந்தால் அன்றாட வேலை இப்படித்தான் நடக்கும். தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள். நிரலுக்கும் தவறு உண்டு, ஆனால் முதல் படத்துக்கு ஒரு அளவுகோல், ஐந்நூறாவது படத்துக்கு வேறு அளவுகோல் என்பது அதற்கு இல்லை. அது தவறும்போதும் ஒரே விதமாகத் தவறுகிறது. எந்த இடத்தில் தவறுகிறது என்று கண்டுபிடித்துத் திருத்த முடிவது அதனால்தான்.

நேரம்தான் இதன் உண்மையான பயன் என்று மேலே சொன்னேன். அதற்குச் சான்று வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறது. ருவாண்டாவில் 275 பேரை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நிரலின் முடிவு அங்கேயே, அப்போதே. இன்னொரு குழுவுக்கு மனிதர் வாசித்த பிறகு சில நாள் கழித்து. மேல் சிகிச்சைக்கு உண்மையில் போனவர்கள் முதல் குழுவில் 51.5 சதவீதம், இரண்டாவதில் 39.6 சதவீதம். அமெரிக்காவில் பால்டிமோரில் நீரிழிவு உள்ள இளைஞர்களிடம் நடந்த சோதனை இன்னும் கூர்மை. நீரிழிவு மருத்துவரிடம் வந்த இடத்திலேயே நிரலைக் கொண்டு கண் பரிசோதித்த குழுவில் நூற்றுக்கு நூறு பேருக்கும் பரிசோதனை முடிந்தது. கண் மருத்துவரிடம் போய்ப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்த குழுவில் 22 சதவீதத்தினரே போனார்கள். படிப்பும் காரும் காப்பீடும் உள்ள நாட்டிலேயே ஒரு சீட்டின் கதி இது.

அந்த நேரத்தைத் தர முடியாத இடத்தில் அறிவுள்ள நிரலும் சுமையாகிவிடும் என்பதைத் தாய்லாந்து காட்டியது. கூகுளின் நிரலை அங்கே பதினொரு சிற்றூர் மருத்துவ நிலையங்களில் வைத்துப் பார்த்தார்கள். 2020இல் அந்த அனுபவத்தை ஒளிக்காமல் எழுதினார்கள். ஆய்வுக்கூடத்தில் தெளிவான படங்களைப் பார்த்துப் பழகிய நிரல், வெளிச்சம் புகும் அறையில் நர்ஸ் எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் வாசிக்க மாட்டேன் என்று தள்ளிவிட்டது. தள்ளப்பட்டவர் வேறொரு நாள் வேறொரு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இணையம் மெதுவாக இருந்த நாளில் படம் மேலேறவே நேரமானது. வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நோயாளி நெடுந்தூரம் போக நேருமே என்று இரக்கப்பட்டு, இந்தச் சோதனையில் சேர வேண்டாம் என்று நர்ஸுகளே சிலரைத் தடுத்தார்கள். நர்ஸுகள் செய்தது சரி என்பதே என் எண்ணம். எழுந்து போவதற்குள் முடிவைத் தராத நிரல் அந்த அறையில் எதற்கு?

நம் ஊரிலும் இந்தத் தொல்லைகள் எல்லாம் உண்டு, கூடவே கண்புரை. அறுபது தாண்டியவர்களின் கண்ணில் வெண்படலம் இருந்தால் அதற்குப் பின்னால் உள்ள விழித்திரை மூட்டமாகத்தான் தெரியும். கண் பாப்பா விரியச் சொட்டு மருந்து போட்டால் படம் தெளியும், ஆனால் சில மணி நேரம் பார்வை மங்கும், ஸ்கூட்டரில் வந்தவர் எப்படி வீட்டுக்குப் போவார்? எந்த நிரலைக் காட்டிலும் கேமராவைப் பிடிக்கும் கை இங்கே முக்கியம். “கொஞ்சம் கண்ணை அகலமாத் திறங்கம்மா, அந்தப் பச்சை வெளிச்சத்தையே பாருங்க” என்று பொறுமையாகச் சொல்லி மூன்றாவது முறையும் எடுக்கும் பெண்ணுக்குச் சரியான பயிற்சியும் நிலையான சம்பளமும் இல்லையென்றால், பின்னால் இருக்கும் கணக்கு எவ்வளவு நுட்பமானதாக இருந்தும் பயனில்லை. இணையச் சிக்கலுக்கு மட்டும் நம்மவர்கள் நல்ல வழி கண்டார்கள். ரெமிடியோ நிறுவனமே பிறகு செய்த நிரல், இணையமே இல்லாமல் ஃபோனுக்குள்ளேயே ஓடுகிறது. மும்பை மாநகராட்சி மருந்தகங்களில் சுகாதாரப் பணியாளர் எடுத்த 213 பேரின் படங்களில், மேலே அனுப்ப வேண்டியவர் ஒருவரைக்கூட அது விடவில்லை. முற்றியவர்கள் அதில் சிலரே என்பதால் அந்த நூறு சதவீதத்தை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் கருவியின் அமைப்பு சரியான திசையில் இருக்கிறது.

யாருடைய கண், யாருடைய நிரல் என்ற கேள்வி பாக்கி. மதுரையிலும் சென்னையிலும் பெங்களூரிலும் சொட்டு மருந்து எரிய எரிய உட்கார்ந்தவர்களின் படங்கள் ஒரு அமெரிக்க நிறுவனத்தின் நிரலுக்குப் பாடமாயின. பெயர் நீக்கப்பட்ட படங்கள்தான். சட்டப்படி குறை சொல்ல இடமில்லாமல் இருக்கலாம். பாடம் சொன்னவர்களுக்கு என்ன திரும்பி வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஓரளவு வந்திருக்கிறது. அரவிந்த் குழுமம் 45 இடங்களில் அந்த நிரலை வைத்து ஆறு லட்சம் பேருக்கு மேல் பரிசோதித்திருக்கிறது. அதில் நூற்றில் ஒரு பங்கை எடுத்து மருத்துவர்களே மறுபடி வாசித்துப் பார்த்த முடிவு 2025இல் வெளியானது. கடுமையான கட்டத்தில் இருந்தவர்களில் 97 சதவீதத்தினரை நிரல் பிடித்திருந்தது. ஓட விட்ட பிறகும் இப்படி எடுத்துப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய செய்தி. மருந்துக்கு உண்டு, விமானத்துக்கு உண்டு. நிரலுக்கு இதைக் கட்டாயம் ஆக்க வேண்டும்.

தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதற்கும் விடை வேண்டும். 2018 ஏப்ரலில் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற, மருத்துவர் பார்க்காமலே முடிவு சொல்லும் முதல் கண் பரிசோதனை நிரலின் நிறுவனர் மைக்கேல் அப்ராமாஃப், நிரலின் தவறுக்கு நிறுவனமே பொறுப்பேற்கும் என்றார். இங்கே விற்பவர்களிடமும் அந்த வாக்கை எழுத்தில் கேட்கலாம். கிரேடர்களின் வேலை போகுமா என்று கேட்கிறார்கள். மாறும் என்றுதான் சொல்வேன். நிரல் கைவிட்ட மங்கலான படங்களும், நிரலைச் சோதிக்க எடுக்கும் மாதிரிகளும் அவர்களிடம்தான் வரும். எளிதானவை போய்விட்டதால் நாள் முழுக்கக் கடினமானவையே மேஜைக்கு வரும். அதற்கேற்பச் சம்பளம் கூடுமா என்பது மருத்துவமனை நிர்வாகங்களின் கையில்.

2024 அக்டோபரில் கூகுள், இந்தியாவிலும் தாய்லாந்திலும் உள்ள கூட்டாளிகள் மூலம் பத்தாண்டுகளில் 60 லட்சம் பரிசோதனைகள், நோயாளிக்குச் செலவில்லாமல், என்று அறிவித்தது. ஆண்டுக்கு ஆறு லட்சம். இந்தியாவில் மட்டும் நீரிழிவு உள்ளவர்களுக்கு அது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. மீதி அரசின் கையில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே போகின்றன. மாத்திரை வாங்குபவரின் பெயரும் முகவரியும் அந்தப் பட்டியலில் உண்டு. கையடக்கக் கேமராவும் ஃபோனுக்குள் ஓடும் நிரலும் ஆண்டுக்கொரு முறை அந்தப் பட்டியலின் வழியே போனால், சூணாம்பேட்டில் வேன் செய்ததை மயிலாப்பூர்க் குப்பத்திலும் செய்யலாம்.

அதற்குப் பிறகும் வேலை மீதி இருக்கும். ருவாண்டாவில் முடிவை அப்போதே கேட்டுக்கொண்டவர்களிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் மேல் சிகிச்சைக்குப் போகவில்லை. போனவருக்கும் மாகுலா வீக்கம் என்றால் ஒரு ஊசியோடு முடியாது. தொடக்கத்தில் மாதாமாதம் வர வேண்டும், செலவும் லேசானதல்ல. அந்த மீதிப் பேரைப் பெயர் சொல்லி ஃபோனில் கூப்பிட ஓர் ஆள், போய்வர பஸ் காசு, அன்றைய கூலிக்கு ஈடு, ஊசி மருந்தின் விலை ஆகியவற்றைத் திட்டச் செலவில் கேமராவுக்குப் பக்கத்து வரியிலேயே எழுத வேண்டும்.